கம்பளிப்பூச்சிக்கு ஒரு ‘க்ளிக்’!

இந்த வார ஸ்பாட்: அவனியாபுரம்

தை முதல் தேதி விடிஞ்சா டி.வி. சேனல் அத்தனையும் அவனியாபுரத்துலதான் நிக்கும். வாடிவாசல், திமில் பிடிக்கிற மாடுபிடி வீரர்கள், பரிசா பைக்கு, காருன்னு ஊரே அமர்க்களப்படும். அன்னிக்கு ஒருநாள் மட்டும்தான் இந்த ஊர் உங்க ஞாபகத்துக்கு வருதா? அப்ப மீதி 364 ராத்திரியை நீங்க மிஸ் பண்றீங்க மக்களே!

அதே ஊர்ல தினம் ராத்திரி இன்னொரு ஆட்டம் நடக்குது. கேலரி கிடையாது, மைக் செட் கிடையாது. தெருவிளக்குக்கு அடியில, டீக்கடை டியூப்லைட்டைச் சுத்தி, கண்மாய்க்கரை கருவேலமரத்துலன்னு சத்தமில்லாம நடக்குது. ஹீரோ அந்துப்பூச்சி. அந்த ஹீரோவோட சின்ன வயசு ஃப்ளாஷ்பேக்தான் கம்பளிப்பூச்சி.

“ச்சீ... கம்பளிப்பூச்சியா?”ன்னு பக்கத்தைத் திருப்பப் போறீங்களா? ஒரு நிமிஷம். உங்க அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை இருக்கே, அது ஒரு அந்துப்பூச்சியோட கூட்டை அவிச்சு இழுத்த நூல். அதைப் பீரோவுல பத்திரமா வைக்கிறோம். அதோட சொந்தக்காரனை மட்டும் விளக்குமாத்தால அடிக்கிறோம். என்ன நியாயம் பாஸ் இது?

கையில இருக்கிற போன், ஒரு டார்ச், ஒரு நாப்பது பக்க நோட்டு. இது மூணும் போதும், கிளம்பலாம் வாங்க.

ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கோங்க

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். மழை விட்டதும் புத்துல இருந்து கூட்டமா கிளம்பி, லைட்டுக்குக் கீழ றெக்கையை உதிர்த்துட்டுப் போற ஈசல் இந்தக் குடும்பமே கிடையாது. அது றெக்கை முளைச்ச கரையான். அரிசி டப்பாவைத் திறந்ததும் பறக்குற சாம்பல் நிற ‘அந்து’, விளக்கைச் சுத்திச் சுத்தி வந்து விழுற விட்டில், நம்ம பட்டுப்பூச்சி... இவங்க எல்லாம்தான் ஒரே வகையறா. வண்ணத்துப்பூச்சிக்கு ஒண்ணுவிட்ட பங்காளிங்க.

வண்ணத்துப்பூச்சியா, அந்துப்பூச்சியான்னு சந்தேகமா? தலையில இருக்கிற உணர்கொம்பைப் பாருங்க. தீக்குச்சி மாதிரி நுனி குண்டா இருந்தா வண்ணத்துப்பூச்சி. நூல் மாதிரியோ, சீப்பு மாதிரியோ, இறகு மாதிரியோ இருந்தா அந்துப்பூச்சி. அந்தச் சீப்பு சும்மா ஸ்டைலுக்கு இல்லை. ஆண் பூச்சி ‘மோப்பம்’ பிடிக்கிறதே அதை வெச்சுத்தான். பெண் பட்டுப்பூச்சி காத்துல விடுற அந்த வாசனை என்ன கெமிக்கல்னு 1959-ல கண்டுபிடிச்சவர் ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் பூட்டனான்ட். அதுக்காக அவர் குழு சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகள்ல இருந்து சாறு எடுத்துச்சு. நம்ம ஊர் வயல்ல, குச்சியில தொங்குற பிளாஸ்டிக் புனல் மாதிரி ஒண்ணு பார்த்திருப்பீங்களே, இனக்கவர்ச்சிப் பொறி? அதுக்கு விதை போட்டது அந்த ஆராய்ச்சிதான்.

கணக்கையும் சொல்லிடுறேன். உலகத்துல இதுவரைக்கும் பேர் வெச்ச வண்ணத்துப்பூச்சி வகைகள் ஏறக்குறைய 18,000. அந்துப்பூச்சி? சுமார் 1,60,000! இந்தியாவுல மட்டும் 10,000-க்கு மேல. ஆனா காலண்டர்ல படம், கவிதையில இடம் எல்லாம் வண்ணத்துப்பூச்சிக்குத்தான். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவனை யாரு கண்டுக்குறா?

செடியைப் பிடி... புழு தானா வரும்

கம்பளிப்பூச்சியைத் தேடிப் போறவங்க முதல்ல புழுவைத் தேடக் கூடாது. செடியைத் தேடணும். நம்மள்ல சில பேர் மெஸ்ல எத்தனை ஐட்டம் போட்டாலும் பரோட்டாதான்னு நிக்கிற மாதிரி, பெரும்பாலான புழுக்கள் ஒரு சில செடிகளைத் தவிர வேற எதையும் தொடாது. அதனால செடி பேரு தெரிஞ்சா பாதிப் புழு கிடைச்ச மாதிரி. அவனியாபுரத்துல இருந்து பெருங்குடி, வலையங்குளம் வரைக்கும் ஒரு சைக்கிள் ரவுண்டு போங்க. இந்தச் செடிகளைக் குறிவெச்சு நில்லுங்க.

அரளி: நாலுவழிச் சாலை நடுவுல வரிசையா நிக்குமே, அந்த அரளி. பால் பட்டாலே விஷம்னு ஆடு, மாடு கூட அதுல வாய் வைக்காது. ஆனா அதையே மூணு வேளையும் சாப்பிட்டு, உங்க நடுவிரல் அளவுக்கு வளர்ற பச்சைப் புழு ஒண்ணு உண்டு. வாலுல ஒரு சின்னக் கொம்பு. தொந்தரவு பண்ணினா தலையைக் குனிஞ்சு உள்ளே இழுத்துக்கும். உடனே முதுகுப் பக்கம் ரெண்டு பெரிய நீலக் கண்ணு முறைக்கும். அது கண்ணே இல்லை, வெறும் டிசைன்! குருவியைப் பயமுறுத்துற பொம்மைக் கண்ணு. வளர்ந்து வந்தா பச்சையும் இளஞ்சிவப்பும் குழைச்ச ராணுவ யூனிஃபார்ம் மாதிரி இறக்கையோட ஒரு பருந்து அந்துப்பூச்சி. நந்தியாவட்டையிலயும் இதைத் தேடலாம். ஒரு எச்சரிக்கை: ரோடு நடுவுல நின்னு தேடாதீங்க. கோயில் நந்தவனம், வீட்டு வாசல் அரளி போதும்.

முருங்கை: இதைப் பத்தித் தெரியாத தமிழன் கிடையாது. பகல்ல அடிமரத்துல கூட்டமா அப்பிக்கிட்டு, ராத்திரி மேல ஏறி இலையைக் காலி பண்ற சாம்பல் கம்பளி. பார்த்ததும் வீட்டுல மண்ணெண்ணெய்ப் பந்தம் ரெடியாகிடும். மரம் வெச்சவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்குக் கீரை வேணும், காய் வேணும். ஆனா பந்தம் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு அடி தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுத்துடுங்க. அத்தனை புழுவும் ஒரே பக்கம் தலை வெச்சு, ஹாஸ்டல் பாய் விரிச்ச மாதிரி அடுக்கிப் படுத்திருக்கிறது செம ஃபிரேம்!

ஆமணக்கு: இதுல இருக்கிறவர் பேரே அழகு, காவடிப்புழு. நடுவுல கால் இல்லாததால முதுகை வில்லா வளைச்சு வளைச்சு நடப்பார். பழனிக்குப் போற காவடியைப் பார்த்து எந்த விவசாயி இந்தப் பேரை வெச்சாரோ, அவர்தான் நிஜமான கவிஞர். தாய்ப்பூச்சி மேலாப்புல மரப்பட்டை கலர்ல சாதுவா இருக்கும். இறக்கையை விரிச்சா கீழ் இறக்கையில கறுப்பு-வெள்ளை பளிச்னு தெரியும்.

கிலுகிலுப்பை: காய்ஞ்ச காயை ஆட்டினா சத்தம் வருமே, அந்தச் செடி தரிசு நிலத்துல தானா முளைச்சுக் கிடக்கும். அதுல வெள்ளை இறக்கை மேல சிவப்புப் பொட்டும் கறுப்புப் பொட்டும் வெச்ச ஒரு குட்டி அந்துப்பூச்சி பகல்லயே பறக்கும். ஏன் அவ்வளவு தைரியம்? புழுவா இருக்கும்போதே செடியில இருக்கிற விஷத்தைச் சாப்பிட்டு உடம்புல சேர்த்து வெச்சிருக்கு. “என்னைத் தின்னா கசப்பேன்”னு குருவிக்குக் காட்டுற போர்டுதான் அந்தச் சிவப்புப் பொட்டு.

கருவேலம்: முள்ளு மரத்துல, ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் நீளத்துல குட்டியா ஒரு விறகுக் கட்டு தொங்குதா? யாரோ செஞ்சு மாட்டின மாதிரி, சுள்ளி எல்லாம் வரிசையா ஒட்டியிருக்கும். பக்கத்துல நின்னு பொறுமையா பாருங்க. அந்தக் கட்டு நடக்கும்! உள்ளே ஒரு புழு, தன் வீட்டைத் தானே முதுகுல சுமந்துட்டுப் போகுது. இதுல பெண் பூச்சிக்குக் கடைசி வரைக்கும் இறக்கையே முளைக்காது. பொறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம் அந்தச் சுள்ளிக் கட்டுதான்.

எள்ளு: காட்டுல எள்ளு விதைச்சிருந்தா, இலைக்கு நடுவுல கட்டைவிரல் தண்டிக்குக் கொழுகொழுன்னு, பக்கவாட்டுல சாய்கோடு போட்ட ஒரு புழு கிடைக்கலாம். வளர்ந்தா முதுகுல மண்டை ஓடு படம்! ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ பட போஸ்டர்ல வாயை மூடிக்கிட்டு இருக்குமே, அதே கூட்டத்து ஆள். தேன்கூட்டுக்குள்ள புகுந்து தேன் திருடும். கையில எடுத்தா ‘கீச்’னு கத்தும். பூச்சி கத்தி நீங்க கேட்டதுண்டா?

வெளியே போகவே சோம்பேறித்தனமா? ஹாஸ்டல் பாத்ரூம் சுவத்தைப் பாருங்க. பூசணி விதை மாதிரி சாம்பல் நிறத்துல தட்டையா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், நாலு நாள்ல இடம் மாறியிருக்கும். அதை அழுக்குன்னு நெனச்சீங்கதானே? அதுவும் ஒரு அந்துப்பூச்சியோட புழுதான். சிலந்தி வலை, உதிர்ந்த முடின்னு நாம விட்டுவெச்ச குப்பையைத் தின்னு வாழுது. மணலும் தூசியும் வெச்சுக் கட்டின பைக்குள்ள குடித்தனம். ரெண்டு பக்கமும் வாசல்!

மல்லி யாருக்காக மணக்குது?

இப்ப மதுரைக்காரங்க காலரைத் தூக்கி விடுற மேட்டருக்கு வருவோம். மதுரை மல்லி. 2013-ல புவிசார் குறியீடு வாங்கின பூ.

யோசிச்சுப் பாருங்க. ஏன் அது வெள்ளையா இருக்கு? ஏன் பொழுது சாய்ஞ்சப்புறம் மலருது? ஏன் ராத்திரியில அப்படி மணக்குது? இருட்டுல தெரியுற வெள்ளை, தூரத்துல இருந்தே இழுக்கிற வாசனை, அடியில நீளமான குழல்... இது எல்லாமே ராத்திரி பறக்குற நீள நாக்குக்காரங்களைக் கூப்பிடுற பூவோட அடையாளம். நம்ம வீட்டுப் பொண்ணுங்க தலையில ஏறுறதுக்கு ரொம்பக் காலம் முன்னாடியே மல்லி இனம் அந்துப்பூச்சிக்கு அழைப்பிதழ் அடிச்சிடுச்சு. பப்பாளிப் பூவும் அதே கட்சி. ராத்திரி பருந்து அந்துப்பூச்சிங்க வந்து மகரந்தம் மாத்துறதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா கதை இங்கேயே முடிஞ்சா நல்லா இருந்திருக்கும். மல்லித் தோட்டக்காரர்கிட்ட போய் “அண்ணே, அந்துப்பூச்சி அழகுண்ணே”ன்னு சொல்லிப் பாருங்க. முறைப்பார். ஏன்னா, மொட்டுப்புழுன்னு ஒண்ணு. அதுவும் ஒரு குட்டி அந்துப்பூச்சியோட பிள்ளைதான். மொட்டுக்குள்ள ஓட்டை போட்டுப் புகுந்து உள்ளே இருக்கிறதைத் தின்னுடும். பக்கத்து மொட்டுகளையும் நூலால சேர்த்துக் கட்டிடும். விடியக்காலையில குனிஞ்சு குனிஞ்சு பறிக்கிறவங்களுக்கு அன்னிக்குக் கூலியே அந்த மொட்டுதான். மக்காச்சோளத்துல இன்னும் மோசம். அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த படைப்புழு, 2018-ல இந்தியாவுல முதல்முறையா தென்பட்டு, அதே வருஷம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பதம் பார்த்துச்சு.

அதனால, “எல்லாப் பூச்சியும் நண்பன்”னு டி-ஷர்ட் போட்டுட்டுத் தோட்டத்துக்குள்ள போகாதீங்க. பிரச்னை பண்றது 10,000-க்கு மேல இருக்கிற கூட்டத்துல ஒரு சின்னப் பகுதி. அதுக்காக அடிக்கிற மருந்து மட்டும் யாரையும் பேர் கேட்டு அடிக்காது, மொத்தமா காலி பண்ணிடும். சிட்டுக்குருவியைக் காணோமேன்னு ஸ்டேட்டஸ் போடுறோமே, கூட்டுல இருக்கிற குஞ்சுக்கு அது ஊட்டுறது தானியம் இல்லை பாஸ், புழுவும் பூச்சியும். முடி நிறைஞ்ச கம்பளிப்பூச்சியைப் பல பறவைகள் சீண்டாது. ஆனா சுடலைக்குயில் மாதிரி குயில் ஜாதிகளுக்கு அதுதான் பிரியாணி. கம்பளிப்பூச்சி வேணாம், குயில் மட்டும் வேணும்னா நடக்குமா?

வேட்டி தியேட்டர்!

பகல் ஆட்டம் ஓவர். இப்ப செகண்ட் ஷோ. தேவையானது அப்பாவோட பழைய வெள்ளை வேட்டி ஒண்ணு, ரெண்டு குச்சி, கொடிக்கயிறு, ஒரு பல்பு. வேட்டியை ஸ்கிரீன் மாதிரி இழுத்துக் கட்டி, முன்னாடி பல்பைத் தொங்கவிட்டா தியேட்டர் ரெடி. மொட்டைமாடி, தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம், பிளக் பாயின்ட் எங்க இருக்கோ அங்க கட்டுங்க. பழைய காலத்து மெர்க்குரி பல்போ, புற ஊதா டியூபோ கிடைச்சா கூட்டம் அள்ளும். சாதாரண எல்.இ.டி-க்கு வசூல் கொஞ்சம் கம்மிதான்.

ரிலீஸ் தேதியும் முக்கியம். வளர்பிறை கடைசியில நிலா பளிச்னு இருந்தா உங்க பல்பை யாரும் மதிக்க மாட்டாங்க. அமாவாசையை ஒட்டி, காத்து இல்லாத, மழை பெஞ்சு புழுக்கமா இருக்கிற ராத்திரி ஹவுஸ்ஃபுல். 2012-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சு இப்ப பல நாடுகள்ல நடக்குற அந்துப்பூச்சி வாரம் ஜூலை கடைசியில வரும். நம்ம மதுரைக்கு அது ஆடிக் காத்து நேரம், வேட்டியே பறந்துடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் சீசன். வடகிழக்குப் பருவமழை இறங்கி, தரிசு எல்லாம் பச்சை பிடிச்சு, மண்ணுக்குள்ள மாசக்கணக்கா தூங்கின கூட்டுப்புழு எல்லாம் எழுந்து வர்ற நேரம். நிலக்கடலைக்காரங்க பயப்படுற செங்கம்பளிப்புழுவோட தாய்ப்பூச்சியும் அப்படித்தான், நல்ல மழைக்காகக் காத்திருந்து ஒரே நேரத்துல கிளம்பும்.

அது சரி, பூச்சி ஏன் லைட்டுக்கு வருது? ‘விளக்கு மேல காதல்’னு கவிஞர்கள் நூத்துக்கணக்கான வருஷமா எழுதிட்டாங்க. 2024-ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழ்ல வந்த ஆய்வு அந்தக் காதலைப் பிரிச்சு வெச்சுடுச்சு. லண்டன் இம்பீரியல் காலேஜ் விஞ்ஞானிகள் இருந்த குழு, ஹை-ஸ்பீட் கேமரா வெச்சுப் பார்த்தாங்க. பறக்கும்போது பூச்சி முதுகை வெளிச்சமான பக்கம் திருப்பி வெச்சுக்கும். ராத்திரியில தரையைவிட வானம்தான் வெளிச்சம், அதனால முதுகு மேல, வயிறு கீழன்னு நேரா பறக்கும். நடுவுல நாம ஒரு பல்பைப் போட்டா, அதுதான் வானம்னு நம்பி முதுகை அந்தப் பக்கம் சாய்க்கும். சாய்ஞ்சதும் வட்டமடிக்கும், தலைகீழா விழும். நம்ம லேப் பாஷையில சொன்னா சென்சார்ல கோளாறு இல்லை, ரெஃபரன்ஸ்தான் தப்பு!

அதே ஆய்வுல அந்த வலையில சிக்காம லைட்டைத் தாண்டி ஹாயா பறந்த ஒருத்தர் உண்டு. யாரு தெரியுமா? நம்ம அரளிப் புழு வளர்ந்து வர்ற அதே ராணுவ யூனிஃபார்ம் பார்ட்டி! ஏன் அவர் மட்டும் தப்பிச்சார்ங்கிறதுல உங்கள்ல யாருக்காவது ஒரு பி.எச்டி. காத்திருக்கு.

அதனால விடிய விடிய பல்பை எரிய விடாதீங்க. பூச்சி சுத்திச் சுத்திக் களைச்சுப் போகும், பல்லிக்கும் தவளைக்கும் விருந்தாகும். ரெண்டு, ரெண்டரை மணி நேரம் போதும். அணைச்சுட்டு வேட்டியை மெதுவா உதறி எல்லாரையும் வழியனுப்பிடுங்க.

காத்திருக்கும்போது ஒரு விளையாட்டு. சாவிக்கொத்தைக் குலுக்குங்க. சில அந்துப்பூச்சிங்க பறந்துட்டு இருக்கும்போதே பொத்துனு கீழ விழும், இல்லைன்னா டைவ் அடிக்கும். அதுங்களுக்குக் காது உண்டு. வௌவால் போடுற, நமக்குக் கேட்காத சத்தத்தைப் பிடிக்கத்தான் அந்தக் காது. சாவிச் சத்தத்துலயும் அந்த மாதிரி ஒலி கலந்திருக்கு.

ராத்திரி வெளியே விட மாட்டாங்களா? கேர்ள்ஸ், கவலையே வேணாம். காலையில ஆறு மணிக்கு ராத்திரி முழுக்க லைட் எரிஞ்ச சுவத்தைப் பாருங்க. ஏ.டி.எம். வாசல், பெட்ரோல் பங்க், ஹாஸ்டல் வராண்டா. குருவி டிஃபனுக்கு வர்றதுக்கு முன்னாடி போய்ட்டா, ஆடாம அசையாம போஸ் கொடுக்கும்.

எப்படி க்ளிக் பண்றது?

* விலை உயர்ந்த கேமரா எல்லாம் வேண்டாம். போன்ல மாட்டுற சின்ன மேக்ரோ லென்ஸ் இருந்தா சந்தோஷம், இல்லைன்னா ஒரு அடி தள்ளி எடுத்து அப்புறம் கட் பண்ணிக்கோங்க. மூஞ்சியில போய் இடிக்காதீங்க.

* போன் ஃப்ளாஷ் நேரா அடிச்சா செதில் எல்லாம் வெள்ளையா வெளிறிடும். டார்ச்சுல ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுத்தி, பக்கவாட்டுல இருந்து பிடிங்க. ஃப்ரெண்டு எதுக்கு இருக்கான்? பிடிக்கச் சொல்லுங்க.

* ஒரு படம் பத்தாது. பூச்சின்னா மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, உணர்கொம்பு தெரிய ஒண்ணு. புழுன்னா தலை, முதுகு, வால் பக்கம், அப்புறம் கண்டிப்பா அது தின்னுட்டு இருக்கிற இலை. இலை இல்லாத புழுப் படம் ரோல் நம்பர் இல்லாத ஆன்சர் ஷீட்!

* அளவு தெரிய பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வெச்சு ஒரு படம்.

* நோட்டுல தேதி, நேரம், இடம், செடி பேரு, மழையா வெயிலா எல்லாம் எழுதுங்க. லேப் அப்சர்வேஷன் நோட்டு மாதிரிதான். ஒரே வித்தியாசம், இதைப் பக்கத்து பெஞ்சுல பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

* பிடிச்சுக் குத்தி வைக்கிறது, கிளையை ஒடிக்கிறது வேண்டாம். படம் போதும்.

* ஷூ போடாம கண்மாய்க்கரைப் பக்கம் போகவே கூடாது. கட்டுவிரியனும் நைட் ஷிஃப்ட்தான். தனியா போகாதீங்க, தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு உள்ளே போங்க. பக்கத்துலயே ஏர்போர்ட், அதனால டார்ச்சை வானத்தைப் பார்த்து அடிக்காதீங்க.

கையில பட்டுடுச்சா?

கம்பளிப்பூச்சி முடி பட்டா முதல் ரூல், தேய்க்காதீங்க! தேய்ச்சா முடி இன்னும் உள்ளே இறங்கும். செல்லோடேப்பை அந்த இடத்துல ஒட்டி ஒட்டி எடுங்க, முடி டேப்போட வந்துடும். அப்புறம் சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவுங்க. கண்ணுல பட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உடம்பு முழுக்கத் தடிச்சாலோ டாக்டர்தான். முடி இல்லாத பச்சைப் புழுவையும் நம்பாதீங்க. தென்னை ஓலையில இருக்கிற முள்ளுப் பச்சைப் புழு பட்டா நெருப்புப் பட்ட மாதிரி எரியும்.

படம் எடுத்து என்ன ஆகப்போகுது?

நியாயமான கேள்வி. லைக்கு விழும், அவ்வளவுதானா?

நீலகிரியில தேயிலைத் தோட்டம் பார்க்க வந்த ஒரு இங்கிலீஷ்காரர் ஜார்ஜ் ஹாம்ப்சன். அந்துப்பூச்சி மேல பைத்தியமாகி, நீலகிரிப் பூச்சிகளைப் பத்தி 1891-ல புத்தகம் போட்டார். 1892-ல இருந்து 1896-க்குள்ள அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவோட அந்துப்பூச்சிகளை நாலு தொகுதியில எழுதி முடிச்சார். 1914-ல ஃப்ளெட்சர்ங்கிற பூச்சியியல் நிபுணர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பத்தி மெட்ராஸ்ல ஒரு தடிப் புத்தகம் வெளியிட்டார். ஒவ்வொரு பூச்சியையும் பிடிச்சு, படம் வரைஞ்சு, கையால எழுதின காலம் அது. இன்னிக்கு நீங்க ஒரு படத்தை ஐநேச்சுரலிஸ்ட்லயோ, இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்லயோ தேதி, இடத்தோட ஏத்தினா, எங்கேயோ இருக்கிற நிபுணர் பேர் சொல்லிடுறார். அந்தப் பதிவு நிலைச்சு நிக்கும்.

நிலைச்சு நின்னா என்ன? அரிட்டாபட்டியைக் கேளுங்க. மேலூர் பக்கம், நம்ம மதுரை மாவட்டம்தான். மலையும் சுனையும் சமணர் படுகையும் இருக்கிற அந்த ஊரை, பக்கத்து மீனாட்சிபுரத்தோட சேர்த்து, 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சுச்சு. மொத்தம் 193 ஹெக்டேர். வெறுமனே ‘அழகான ஊர்’னு சொல்லி அறிவிக்கலை. சுமார் 250 வகைப் பறவைகள், அதுல என்னென்ன வல்லூறு, என்ன கழுகு, கூடவே எறும்புத்தின்னி, தேவாங்குன்னு பட்டியல் இருந்துச்சு. ரெண்டே வருஷம், 2024 நவம்பர்ல அந்தப் பகுதியில டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்துச்சு. ஊர் ஊரா மக்கள் எழுந்தாங்க, சட்டசபையில தீர்மானம் போட்டாங்க, விவசாயிகள் மதுரைக்குப் பேரணி வந்தாங்க. 2025 ஜனவரியில ஏலம் ரத்து. ஜெயிச்சது மக்கள். ஆனா அவங்க கையில “இங்க இன்னது இருக்கு”ன்னு சொல்ல ஒரு பட்டியல் இருந்தது எவ்வளவு பெரிய பலம்!

இப்ப அவனியாபுரம் பக்கம் வாங்க. 2011-ல மாநகராட்சியோட சேர்ந்த ஊர். ஏர்போர்ட் ரோடு ஒரு பக்கம், ரிங் ரோடு ஒரு பக்கம். நேத்து எள்ளு விதைச்ச காட்டுல இன்னிக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லு நட்டு பிளாட் போர்டு. வீடு கட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலை, ஜனங்க எங்க போவாங்க? ஆனா பத்திரத்துல அந்த இடத்துக்குப் பேரு ‘தரிசு’, பேச்சுல ‘பொட்டக்காடு’. ஒண்ணுமே இல்லாத இடம்னு அர்த்தம். கிலுகிலுப்பையும் எருக்கும் கருவேலமும் நிக்கிற இடம் ஒண்ணுமே இல்லாத இடமா? அங்க மண்டை ஓடு சுமக்குறவனும் விறகுக் கட்டு சுமக்குறவனும் குடியிருக்காங்கன்னு யாருமே எழுதி வைக்கலைன்னா, ஜே.சி.பி. வந்து நிக்கிற அன்னிக்கு “இங்க என்ன இருந்துச்சு?”ன்னு கேட்டா பதில் சொல்ல ஆளே இருக்காது. கண்மாய்க்கரையில ஒரு துண்டை அப்படியே விட்டுவைங்கன்னு நாளைக்குக் கேட்கணும்னா, இன்னிக்கே கணக்கு வேணும்.

அதுக்குப் பெரிய விஞ்ஞானி தேவையில்லை. நாலு பேர், நாலு போன், ஒரு வருஷம். ஒரே கண்மாய்க்கரை, ஒரே நாலு மரம், மாசம் ரெண்டு தடவை. பன்னெண்டு மாசம் முடியும்போது, எந்தப் புழு எந்த மாசம் எந்த இலையில வருதுன்னு அந்த ஊருக்கே ஒரு நாள்காட்டி உங்க கையில இருக்கும். எல்லாத்துக்கும் பேர் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லை. ‘பெயர் தெரியாதது - 7’னு எழுதுங்க, படம் பேசிக்கும்.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க காலேஜ் காம்பவுண்டுக்குள்ள இருக்கிற ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுங்க. அரளியோ, ஆமணக்கோ, முருங்கையோ. ஒவ்வொரு இலையா திருப்பி அடிப்பக்கம் பாருங்க. ஓட்டை விழுந்த இலை, இலைக்குக் கீழ தரையில மிளகு மாதிரி கறுப்பு உருண்டை கிடந்தா நீங்க நெருங்கிட்டீங்க. அது புழு போட்ட எச்சம், அப்படியே தலையை நிமிர்த்தி மேல பாருங்க. கிடைச்ச படத்தை இலையோட, தேதியோட, ஊர் பேரோட நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. முருங்கைக்காரர் பந்தத்தோட வர்றதுக்கு முன்னாடி!